எபாக்சி வச்சு ஒட்டுறது, லீக் அடைக்கிறது, டைல் கேப் நிரப்புறது: முழு வழிகாட்டி

டைல் வேலை நடக்குற சைட்லயும் சரி, வீட்ல உடைஞ்சத ஒட்டுறப்பவும் சரி, எபாக்சி, அதாவது அரால்டைட், எம்-சீல் வகை பசை, பிடிக்காம போனா எல்லாரும் பொருளத்தான் திட்டுறாங்க. பக்கத்துல நின்னு பாத்தா பொருள்ல ஒண்ணும் குறை இருக்காது, ஒட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ரெண்டு வேலைய முன்ன பின்ன மாத்தி செஞ்சிருப்பாங்க, இல்ல ஒண்ண விட்டிருப்பாங்க. அதனால எத முதல்ல செய்யணும், ஏன் செய்யணும்னு வரிசையா எழுதுறேன்.

1. இது காயுற பசை கிடையாது

ஃபெவிகால்ல இருக்க தண்ணி ஆவியா போனா அது இறுகும். எபாக்சில அப்படி எதுவும் ஆவியாகி போறது இல்ல. ரெசின், ஹார்டனர்னு ரெண்டு பாகம் இருக்கு, ரெண்டும் கலந்ததும் ஒண்ணோட ஒண்ணு ரசாயனமா கோத்துக்கிட்டு கெட்டியாகுது, கெட்டியாகும்போது சூடும் வெளிவிடும்.

இத ஏன் முதல்லயே சொல்றேன்னா, மத்த எல்லா விதியும் இதுல இருந்துதான் வருது. ஃபேன் போட்டா சீக்கிரம் காயாது. ஹார்டனர் கூட ஊத்தினா சீக்கிரம் இறுகாது, ஏன்னா கூட ஊத்தின ஹார்டனருக்கு ஜோடி சேர ரெசின் இருக்காது, அது அப்படியே உள்ள தங்கி ஜாயின்ட் ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கும். ஃபைபர் கிளாஸ் வேலைல பாலியஸ்டர் ரெசின் பழகினவங்க இந்த தப்ப நிறைய செய்றாங்க, அங்க ஹார்டனர கூட்டி குறைச்சு வேகத்த மாத்தலாம், இங்க அது நடக்காது.

வேகம் மாறணும்னா சூடு மாறணும். சுமாரா 10 டிகிரி கூடினா, கலந்த பிறகு வேலை செய்ய கையில இருக்க நேரம் பாதியாகும். 25 டிகிரில 40 நிமிஷம் தாங்குற கலவை மே மாசம் சென்னைல மத்தியானம் 20 நிமிஷம் கூட தாங்காது. அதே ஊட்டில டிசம்பர்ல ராத்திரி பூரா வச்சாலும் இறுகாம இருக்கும்.

2. எந்த வேலைக்கு எத வாங்கணும்

உடைஞ்ச பொருள ஒட்டுறதுக்கு ரெண்டு ட்யூபா வர்றது, அதாவது அரால்டைட் மாதிரி. இதுலயே மெதுவா இறுகுறதும் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல பிடிக்கிறதும் இருக்கு. அவசரம் இல்லன்னா மெதுவானதையே வாங்குங்க, பொதுவா அதுக்குத்தான் பலம் அதிகம், சூட்டையும் தண்ணியையும் கொஞ்சம் கூட தாங்கும், துண்ட நேரா பொருத்த நேரமும் கிடைக்கும்.

ஓட்டை, விரிசல், பைப் லீக்குன்னா மாவு மாதிரி பிசையுற புட்டி, எம்-சீல் மாதிரி. பாத்ரூம், கிச்சன் டைல் கேப்புக்கு ரெசின், ஹார்டனர், கலர் பவுடர்னு மூணு பாகமா வர்ற எபாக்சி கிரவுட்.

மரத்துல ஊத்தி டேபிள் செய்ற ரெசின் தனி ரகம், தண்ணியா இருக்கும், மெதுவா இறுகும். ட்யூப்ல வர்றத நிறைய வாங்கி அச்சுல ஊத்தலாம்னு நெனைக்காதீங்க. அவ்வளவும் ஒரே இடத்துல சேந்தா சூடு வெளிய போக வழி இல்லாம கொதிச்சு, நுரைச்சு, மஞ்சளாகி வெடிப்பு விட்டுரும்.

3. எதுல ஒட்டாது

கடைக்கு போறதுக்கு முன்னாடி இத பாத்துருங்க. பாலிதீன், பாலிப்ரொப்பிலீன், டெஃப்லான், சிலிகான் இதுல எபாக்சி பிடிக்காது. பக்கெட், குடம், மொட்டைமாடில இருக்க பிளாஸ்டிக் தண்ணி டேங்க் எல்லாம் பெரும்பாலும் பாலிதீனோ பாலிப்ரொப்பிலீனோதான். டேங்க்ல விரிசல் விட்டா புட்டி வச்சு அடைக்கிறாங்க, ஒரு வாரம் நிக்கும், அப்புறம் அடை தோசைக்கல்லுல இருந்து எழும்புற மாதிரி முழுசா கழண்டு வரும். அதுக்கு சூடு வச்சு பிளாஸ்டிக்கயே உருக்கி வெல்டிங் பண்ற ஆளத்தான் கூப்பிடணும். பிவிசி பைப்ல பிடிக்கும், ஆனா பளபளப்பு போக தேய்ச்சிருக்கணும்.

சூடும் பாக்கணும். சாதாரண எபாக்சி 60, 70 டிகிரி பக்கம் வந்தாலே இளக ஆரம்பிக்கும். அதனால குக்கர் கைப்பிடி, அடுப்பு பாகம், கெய்சர்ல இருந்து வர்ற கொதிக்கிற லைன் இதெல்லாம் வேண்டாம். சோறு, குழம்பு, குடிக்கிற தண்ணி நேரா படுற இடத்துலயும் வேண்டாம், அதுக்குன்னு பாக்கெட்லயே அனுமதி போட்டிருந்தா மட்டும் யோசிக்கலாம்.

வெயில் நேரா பட்டா மஞ்சளாகும், பல மாசம் கழிச்சு மேல சுண்ணாம்பு மாதிரி பூக்கும். பலம் உடனே போயிடாது, பாக்குற அழகு போயிடும்.

4. முன்னாடியே எடுத்து வைக்க வேண்டியது

கலந்த பிறகு எழுந்து போய் எதையும் தேடக்கூடாது. அதனால நைட்ரைல் கையுறை, 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாள், அசிட்டோன், வெள்ளை பழைய துணி, ஐஸ் குச்சி, கலக்க ஒரு உடைஞ்ச டைல் துண்டு, பிடிச்சு வைக்க ரப்பர் பேண்டோ டேப்போ, எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் அசிட்டோனுக்கு பதிலாகாது, பலதுல எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், துடைச்ச இடத்துலயே அது படியும்.

கையுறைய சும்மா சம்பிரதாயத்துக்கு சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. எபாக்சி தோல்ல திரும்ப திரும்ப பட்டா ஒரு நாள் அலர்ஜி ஆரம்பிக்கும், அரிப்பு, தடிப்பு, வெடிப்பு. ஒரு தடவ அந்த அலர்ஜி வந்துட்டா பெரும்பாலும் வாழ்நாள் பூரா போகாது, அப்புறம் துளி பட்டாலும் கை வீங்கும், பிழைப்பையே மாத்த வேண்டி வரும். கிரவுட் வேலைல பசங்க வெறும் விரலால வழிச்சு விடுறத பாக்கும்போது எனக்கு பதறும்.

தோல்ல பட்டுட்டா சோப்பும் தண்ணியும் மட்டும். தின்னர், அசிட்டோன் போட்டு தேய்ச்சா அது எபாக்சிய கரைச்சு தோலுக்குள்ளயே அனுப்பும். ஜன்னல திறந்து வைங்க, இறுகின எபாக்சிய தேய்க்கும்போது மாஸ்க் போடுங்க.

5. துடை, தேய், மறுபடி துடை

மொத்த வேலைல முக்கியமான கட்டம் இதுதான், அதிகமா தப்பு நடக்குறதும் இங்கதான்.

முதல்ல எண்ணெய் பிசுக்க எடுக்கணும். பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு கழுவி, காயவச்சு, அசிட்டோன் தொட்ட துணியால துடைங்க. பெயின்ட் அடிச்ச பொருள், சில பிளாஸ்டிக் எல்லாம் அசிட்டோன்ல கரையும், அதனால ஓரத்துல ஒரு சொட்டு வச்சு பாத்துக்கோங்க. அப்புறம் உப்புத்தாள்ல தேய்ங்க, பளபளப்பு போய் மங்கலா ஆகணும். கடைசியா தூச தட்டிட்டு புது துணியால மறுபடி அசிட்டோன் போட்டு துடைங்க.

பசங்க நேரா தேய்க்கத்தான் ஆரம்பிப்பாங்க. பிசுக்கோட தேய்ச்சா அந்த எண்ணெய் கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் எவ்வளவு துடைச்சாலும் முழுசா வராது. பிசுக்கு முதல்ல போகணும்னு சொல்றது அதனாலதான்.

கல், இரும்பு, கண்ணாடி, பீங்கான்ல சரியா சுத்தமாச்சான்னு பாக்க சுலபமான வழி இருக்கு. நாலு சொட்டு தண்ணி விட்டு பரப்புங்க. தண்ணி மெல்லிசா விரிஞ்சு நின்னா சரி. முத்து முத்தா உருண்டு ஒதுங்குதுன்னா பிசுக்கு இன்னும் இருக்கு. பாத்த பிறகு நல்லா காயவிட்டுத்தான் அடுத்த வேலை.

தேய்ச்ச இடத்த விரலால தடவி பாக்குற பழக்கத்த விடுங்க, விரல்ல இருக்க எண்ணெய் போதும் கெடுக்கிறதுக்கு. இரும்பு, அலுமினியத்த தேய்ச்ச அன்னிக்கே ஒட்டிருங்க, வச்சிருந்தா மேல திரும்ப துருவோ ஆக்சைடோ படியும். தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, அதனால ஒட்டுறதுக்கு சரியா முன்னாடி அசிட்டோன் போட்டு துடைச்சு, ஆவியானதும் ஒட்டணும்.

எல்லாம் முடிஞ்சதும் பசை இல்லாம ஒரு தடவ பொருத்தி பாருங்க. எந்த துண்டு முதல்ல போகணும், எப்படி பிடிச்சு வைக்கணும்னு அப்பவே தெரிஞ்சிரும்.

6. கலக்குறது

ட்யூப்ல சமம்னு போட்டிருந்தா அது அளவுல சமம், எடையில இல்ல. அரால்டைட் ஸ்டாண்டர்ட் பாக்கெட்ட பாருங்க, ரெசின் 100 கிராமுக்கு ஹார்டனர் 80 கிராம்தான் இருக்கும். தராசுல வச்சா 100-க்கு 80, கண்ணளவுல எடுத்தா ஒரே நீளம் ஒரே தடிமன்ல ரெண்டு கோடு. கொஞ்சமா எடுக்கும்போது ஒரு பக்கம் துளி கூடினாலும் விகிதம் ரொம்ப மாறிடும், அதனால தேவைக்கு மேல கொஞ்சம் கூடவே எடுத்து சரியா கலக்குறது நல்லது.

குச்சியால ரெண்டு நிமிஷம் கலக்குங்க, நடுவுல ஓரத்தையும் அடியையும் வழிச்சு உள்ள கொண்டு வாங்க. நிறம் ஒரே சீரா, கோடு எதுவும் இல்லாம வரணும். கப்புல கலந்தா ஓரத்துல ஒட்டுனது கலக்காமலே நிக்கும், கடைசியா அத வழிச்சு ஊத்தினா அந்த இடம் மட்டும் பிசுபிசுன்னு நிக்கும். ஒரு கப்புல கலந்துட்டு இன்னொரு கப்புக்கு மாத்தி மறுபடி கலந்தா இந்த தொல்லை வராது.

நிறைய கலந்து கப்புலயே வச்சிருந்தா சூடேறி புகையும், சில நேரம் கப்பே உருகிரும். கலந்த உடனே அகலமா பரப்பி வைங்க, சூடு வெளிய போனா நேரம் கூட கிடைக்கும்.

7. பூசி பிடிச்சு வைக்கிறது

ரெண்டு பக்கமும் மெல்லிசா பூசுங்க. ஒரு பக்கம் மட்டும் பூசினா மத்த பக்கத்து குழிக்குள்ள பசை இறங்காம காத்து நிக்கும். சேத்து வச்சு லேசா அசைச்சு விட்டா காத்து வெளிய வரும், ஓரத்துல மெல்லிசா ஒரு வரி பசை பிதுங்கும், அது வந்தா போதும்.

இறுக்கி முறுக்குற கிளாம்ப் வேண்டாம். அழுத்தினா பசை பூரா வெளிய வந்து நடுவுல ஒண்ணும் இருக்காது. துண்டு நகராம இருக்க அளவு பிடிப்பு போதும். பிதுங்கினத இறுகுறதுக்கு முன்னாடியே துடைங்க, அப்புறம் அசிட்டோனுக்கும் அசையாது, சூடு காட்டி பிளேடால எடுக்க வேண்டி வரும்.

மெதுவான ரகம்னா ராத்திரி பூரா அசைக்காம விடுங்க, ஒரு நாள் முழுசா ஆன பிறகு பாரம் கொடுங்க. தொட்டா ஒட்டலன்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, உள்ள பலம் ஏற இன்னும் நேரம் ஆகும்.

8. பைப் லீக்

முதல் வேலை கேட் வால்வ மூடுறது. அப்புறம் குழாய திறந்து விட்டு லைன்ல நிக்கிற தண்ணிய இறக்குங்க. சாதாரண புட்டி ஈரத்துல பிடிக்காது, அழுத்தம் இருந்தா இறுகுறதுக்கு முன்னாடியே தண்ணி உள்ளயிருந்து ஊசி மாதிரி ஒரு வழி போட்டுரும்.

ஓட்டைய சுத்தி நாலு பக்கமும் ரெண்டு விரல் அகலத்துக்கு தேய்ச்சு சுத்தம் பண்ணுங்க. புட்டிய ரெண்டு பாகமும் சமமா எடுத்து, நிறம் ஒண்ணாகுற வரைக்கும் பிசையுங்க. பாக்க ஒரே நிறம் மாதிரி தெரிஞ்சாலும் பிய்ச்சு உள்ள பாருங்க, அங்க இன்னும் வரி வரியா இருக்கும். முதல்ல கொஞ்சம் எடுத்து ஓட்டைக்குள்ள அழுத்தி திணிச்சுட்டு, அதுக்கு மேல மீதிய சுத்தி போர்த்துங்க. வெறும் மேல மட்டும் அப்பினா அது மூடி மாதிரி நிக்கும், பைப்ப பிடிக்காது. மேற்பரப்ப வழவழப்பாக்க கடைசியா கையுறை போட்ட விரல தண்ணில தொட்டு தடவலாம், பிசையும்போது தண்ணி சேரக்கூடாது.

பாக்கெட்ல போட்டிருக்க நேரத்துக்கு மேலயே விட்டு, அப்புறம் வால்வ கொஞ்சம் கொஞ்சமா திறங்க.

9. பாத்ரூம் டைல் கேப்புக்கு எபாக்சி கிரவுட்

சிமென்ட் கிரவுட் தண்ணி குடிக்கும், கறுக்கும். எபாக்சி கிரவுட் குடிக்காது, அதனாலதான் இந்த செலவு. ஆனா இதுல தப்பு பண்ணா திருத்துறது ரொம்ப கஷ்டம்.

எவ்வளவு வேணும்னு முதல்ல கணக்கு போடுங்க. 600-க்கு 600 மி.மீ. டைல், 10 மி.மீ. கனம், 3 மி.மீ. கேப்னா சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 160 கிராம் ஆகும், அதாவது ஒரு கிலோ 65 சதுர அடி பக்கம் வரும். டைல் 300-க்கு 300-ன்னா கேப்போட நீளம் ரெண்டு மடங்காகும், அதே ஒரு கிலோ 33 சதுர அடிதான் வரும். சேதாரத்துக்கு கொஞ்சம் கூட்டிக்கோங்க.

டைல் போட்ட பசையோ சிமென்ட் கலவையோ நல்லா இறுகி, ஈரம் முழுசா போயிருக்கணும். கேப்புக்குள்ள பிதுங்கி நிக்கிற கலவைய சுரண்டி எடுங்க, டைல் கனத்துல மூணுல ரெண்டு பங்காவது ஆழம் வேணும். மேலோட்டமா ஒரு மி.மீ. பூசினா சில மாசத்துல உரிஞ்சு வரும். சொரசொரப்பான மேட் டைலா இருந்தா ஒரு மிச்ச துண்டுல பூசி, துடைச்சு, கறை நிக்குதான்னு பாருங்க. நின்னா கேப்போட ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் வேலை செய்யணும்.

கலக்குற வரிசை முக்கியம். ரெசினையும் ஹார்டனரையும் முதல்ல தனியா நல்லா கலந்துட்டு, அப்புறம்தான் கலர் பவுடர கொஞ்சம் கொஞ்சமா போடணும். மூணையும் ஒண்ணா கொட்டினா பவுடர் மேல ரெசின் ஒட்டிக்கும், ஹார்டனர் அதுவரைக்கும் போய் சேராது. பாதி பாக்கெட் கலக்கணும்னா டிஜிட்டல் தராசு வேணும், கண்ணளவு வேண்டாம். கெட்டியா தளர்வான்னு மாத்த பவுடர்ல கொஞ்சம் குறைச்சுக்கலாம், ரெசினையும் ஹார்டனரையும் தொடாதீங்க. தண்ணியோ தின்னரோ சேக்கவே கூடாது.

கலந்தத ஒரு பலகைல பரப்பி வச்சுக்கிட்டு, ரப்பர் பட்டையால கேப்புக்கு குறுக்கா சாய்வா அழுத்தி தள்ளுங்க. கேப் ஓட்டத்துலயே இழுத்தா பட்டையோட விளிம்பு உள்ள இறங்கி பாதிய வெளிய எடுத்துரும். சுவர் முதல்ல, தரை கடைசில, தரைலயும் உள் மூலையில ஆரம்பிச்சு வாசல் பக்கமா வாங்க.

ரெண்டு ஆள் வேணும், ஒருத்தர் நிரப்ப, ஒருத்தர் துடைக்க. தனி ஆளா ஒரு சுவர் முழுக்க நிரப்பிட்டு திரும்பி பாத்தா முதல்ல போட்ட இடம் கல்லாயிருக்கும். அப்பப்ப டைல் மேல நிக்கிறத ரப்பர் பட்டையால வழிச்சுட்டு, ஈர ஸ்க்ரப்பரால வட்டமா தேய்ச்சு, பிழிஞ்ச ஸ்பாஞ்சால துடைங்க. தண்ணிய அடிக்கடி மாத்துங்க. அழுக்கு தண்ணில துடைச்சா காஞ்சதும் டைல் மேல பிசுபிசுப்பா ஒரு படலம் தெரியும். ஸ்பாஞ்ச் சொட்டச் சொட்ட இருந்தா கேப் மேல தண்ணி நின்னு நிறம் வெளுக்கும்.

மறுநாள் காலைல வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க. படலம் இருந்தா அன்னிக்கே வினிகர் கலந்த தண்ணியோ, கிரவுட்டோட விக்கிற கிளீனரோ போட்டு எடுங்க. தள்ளிப் போட்டா அது டைலோட டைலா ஆயிடும்.

சுவரும் தரையும் சேர்ற மூலைல எபாக்சி போடாதீங்க. ரெண்டும் வேற வேற மாதிரி அசையும், எபாக்சி வளையாது, விரிசல் விட்டு அது வழியா தண்ணி இறங்கும். அங்க அதே நிறத்துல சிலிகான் சீலன்ட் போடுங்க, ஆனா கிரவுட் இறுகின பிறகுதான், ஏன்னா சிலிகான் பட்ட இடத்துல எபாக்சி பிடிக்காது.

ஒரு நாள் தண்ணி படக்கூடாது, ஆசிட் மாதிரி கடுமையான கிளீனர் ஒரு வாரத்துக்கு வேண்டாம். மொட்டைமாடி, பால்கனிக்கு வெள்ளை வேண்டாம்னு சொல்வேன், வெயில்ல மஞ்சளாகும், சாம்பல் நிறம்னா தெரியாது.

10. இறுகாம பிசுபிசுன்னு நின்னா

ரெண்டு காரணத்துல ஒண்ணு. மேல மட்டும் மெழுகு மாதிரி வழுக்குச்சுன்னா அது ஈரக்காத்தோட வேலை, ஐப்பசி கார்த்திகை மழைல இது சகஜம். வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் போட்டு கழுவினா போயிடும். அடுத்த பூச்சு போடணும்னா கழுவி, காயவச்சு, தேய்ச்ச பிறகுதான் போடணும், இல்லன்னா அந்த மெழுகு மேலதான் புது பூச்சு உக்காரும்.

உள்ளயே மெத்துனு இருந்தா விகிதமோ கலக்குனதோ தப்பு. ரெண்டு நாள் பொறுத்து பாத்தும் அப்படியே இருந்தா இனிமே இறுகாது. மேல புதுசா பூசி மறைக்காதீங்க, முழுசா சுரண்டி, அசிட்டோன் போட்டு துடைச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

11. மிச்சமும் மூடியும்

மிஞ்சினத வாஷ்பேசின்ல ஊத்தாதீங்க, பைப்புக்குள்ள இறுகும். ஒரு தகட்டுல பரப்பி இறுக விட்டு அப்புறம் குப்பைல போடுங்க. பல மாசம் கழிச்சு ரெசின் சர்க்கரை பூத்த தேன் மாதிரி வெள்ளையா குருணை கட்டியிருந்தா தூக்கி போட வேண்டாம், மூடின ட்யூப கை பொறுக்குற சூட்டு வெந்நில வச்சிருந்தா தெளிஞ்சிரும், ஆறின பிறகு எடுத்து கலக்கலாம்.

ட்யூப மூடும்போது ரெசின் மூடி ரெசினுக்கும் ஹார்டனர் மூடி ஹார்டனருக்கும் போகணும். மாறிப் போச்சுன்னா மூடிக்குள்ள இருக்க மிச்சமே கலந்து இறுகி, அடுத்த தடவ ட்யூப பின்னாடி வெட்டித்தான் எடுக்கணும். திறந்த உடனே ரெசின் ட்யூப்லயும் அதோட மூடிலயும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சிருங்க.